கனடிய வங்கிப் பங்குகள்: தனித்தனியாக வாங்குவதா, ஈ.ரி.எஃப். வழியாக வாங்குவதா?

நெய்தல் (ஸ்கார்பரோ)

அனைவருக்கும் வணக்கம்.

என்னுடைய 50,000 டொலர் ஜி.ஐ.சி. (உத்தரவாத வட்டியுள்ள நிலையான வைப்பு) இந்த மாத இறுதியில் முதிர்ச்சியடைகின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதைப் போட்டபோது 5 வீதத்துக்குக் கிட்ட வட்டி கிடைத்தது. அதன் பின்னர் கனடிய மத்திய வங்கி தன்னுடைய வட்டியைப் படிப்படியாக 2.25 வீதம் வரை குறைத்துவிட்டதால், புதுப்பித்தாலும் முன்பு போலக் கிடைக்கப் போவதில்லை. கிளைக்குப் போய்க் கேட்டேன். தங்களுடைய பரஸ்பர நிதியொன்றைக் காட்டினார்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று நானாகக் கேட்ட பிறகுதான், அது 2 வீதத்தை ஒட்டி வரும் என்ற விபரத்தைச் சொன்னார்கள்.

எனக்கு 43 வயது. வீட்டுக் கடனைத் தவிர வேறு கடன் இல்லை. ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியற்ற சேமிப்புக் கணக்கில் இன்னும் 35,000 டொலர் போடுவதற்கு இடம் இருக்கின்றது. கனடிய வங்கிகள் பங்கிலாபத்தை நிறுத்துவதே இல்லை என்று எங்கள் வீட்டுக்கு வருகின்ற எல்லோரும் சொல்வதால், இந்தப் பணம் முழுவதையும் வங்கிப் பங்குகளில் போடலாமா என்று யோசிக்கின்றேன். கனடாவின் பெரிய ஆறு வங்கிகளின் பங்குகளையும் தனித்தனியாக வாங்குவது நல்லதா, அவற்றை ஒன்றாக வைத்து, பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதியான ஈ.ரி.எஃப். ஒன்றை வாங்குவது நல்லதா? ஈ.ரி.எஃப். என்று பார்த்தால் ஒன்று ஆண்டுக்கு 3 முதல் 4 வீதம் தருகின்றது, இன்னொன்று 6 வீதம் என்கிறது, வேறொன்று 10 வீதத்தையும் தாண்டி நிற்கின்றது. அதே ஆறு வங்கிகளிலிருந்து இவ்வளவு வித்தியாசமான தொகைகள் எப்படி வருகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

கணக்குப்பேரேடு (மார்க்கம்)

நெய்தல் அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகத் தெளிவாகும். ரோயல் வங்கி, ரி.டி., மொன்ரியால் வங்கி, ஸ்கோஷியா, சி.ஐ.பி.சி., நஷனல் வங்கி ஆகிய ஆறும் தருகின்ற பங்கிலாபம் எந்த ஈ.ரி.எஃப். வழியாக வந்தாலும் ஒரே பங்கிலாபம்தான். அதற்கு மேலே ஒரு நிதி கூடுதலாகப் பணம் தருகிறது என்றால், அந்தப் பணம் இரண்டு வழிகளில் ஒன்றிலிருந்து வருகின்றது. ஒன்று, எதிர்கால விலையேற்றத்தில் ஒரு பகுதியை இன்றே விற்று வருகின்ற பணம். மற்றது, கடன் வாங்கி முதலீட்டைப் பெருப்பித்து வருகின்ற பணம். இரண்டையும் சேர்த்துச் செய்கின்ற நிதிகளும் உண்டு; 10 வீதத்துக்கு மேலே நீங்கள் பார்த்தது அந்த வகையாகவே இருக்கும்.

எளிமையானது சம எடை நிதி. ஆறு வங்கிகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஆறிலொரு பங்கு, ஏறத்தாழ 16.67 வீதம், ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு தடவை அந்த அளவுக்கு மீண்டும் கொண்டுவருவார்கள். மொன்ரியால் வங்கியின் பி.எம்.ஓ. நிறுவனம் 2009ஆம் ஆண்டு தொடங்கிய ஸெட்.ஈ.பி. இந்த வகையில் நன்கு தெரிந்த ஒன்று. அதன் முகாமைக் கட்டணம் நெடுங்காலம் 0.55 வீதமாக இருந்து, பின்னர் 0.25 வீதமாகக் குறைக்கப்பட்டது. வரி முதலியவற்றைச் சேர்த்த மொத்த ஆண்டுச் செலவு வீதமான எம்.ஈ.ஆர். 0.28 வீதம். குளோபல் எக்ஸ் நிறுவனத்தின் எச்.பி.என்.கே. என்ற நிதி இதே வேலையை 0.09 வீத முகாமைக் கட்டணத்தில் செய்கின்றது. உங்கள் 50,000 டொலருக்குக் கணக்குப் பாருங்கள். 0.28 வீதம் என்பது ஆண்டுக்கு 140 டொலர். கிளையில் காட்டிய 2 வீதம் என்பது 1,000 டொலர், அதுவும் நிதி இறங்குகின்ற ஆண்டிலும் தவறாமல் கழிக்கப்படுகின்ற 1,000 டொலர்.

ரோயல் வங்கியின் ஆர்.பி.சி. நிறுவனத்தின் ஆர்.பி.என்.கே. நிதி பங்கிலாப வீதத்தை, அதாவது பங்கு விலையில் பங்கிலாபம் எத்தனை வீதம் என்பதைப் பார்த்து எடை கொடுக்கின்றது: அதிக வீதம் தரும் இரண்டு வங்கிகளுக்குப் பாதி, அடுத்த இரண்டுக்கு மூன்றிலொன்று, மிகுதி இரண்டுக்கு ஆறிலொன்று. எனக்கு இந்த முறையில் நாட்டம் இல்லை. ஒரு வங்கியின் பங்கிலாப வீதம் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதற்கு, அதன் விலை மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். அந்த இறக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கவும் கூடும்.

ஹமில்டன் நிறுவனத்தின் எச்.சி.ஏ.எல்., உங்கள் 100 டொலருடன் 25 டொலர் கடன் சேர்த்து 125 டொலருக்கு வங்கிகளை வாங்கி வைக்கின்றது. வங்கிகள் 30 வீதம் இறங்கினால் உங்கள் பணம் 37.5 வீதம் இறங்கும், கடனுக்கான வட்டி வேறு. முதல் தடவை பங்குச் சந்தைக்கு வருபவர் இதைத் தொட வேண்டியதில்லை என்பது என்னுடைய உறுதியான கருத்து.

வடமராட்சியான் (ஏஜக்ஸ்)

கணக்குப்பேரேடு ஐயா சொன்னவை சரி, ஆனால் ஆறு பங்குகளை வாங்கி வைப்பதற்கு எதற்கு ஒரு நிதி நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். இப்போது பல தரகு நிறுவனங்களில் பங்கு வாங்குவதற்கும் விற்பதற்கும் கட்டணமே கிடையாது. ஆறு கட்டளைகள் போட்டால் வேலை முடிந்தது. எம்.ஈ.ஆர். என்பது அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் பூச்சியம். பங்கிலாபம் காலாண்டுக்கு ஒரு தடவை நேரே கணக்குக்கு வரும், வரிப் படிவமும் நேர்த்தியான ரி5 படிவமாக வரும்.

இன்னுமொன்று, ஆறு வங்கிகளும் ஒன்றல்ல. ரோயல் வங்கி 2024இல் எச்.எஸ்.பி.சி.யின் கனடியக் கிளையை 13.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. மொன்ரியால் வங்கி 2023இல் கலிபோர்னியாவின் பாங்க் ஒஃப் த வெஸ்ட்டை வாங்கியது. ஸ்கோஷியா மெக்சிக்கோ, பெரு, சிலி என்று தென்புறம் போனது. நஷனல் வங்கிக்குக் கம்போடியாவில்கூட ஒரு வங்கி உண்டு, அதன் பெயர் ஏ.பி.ஏ. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, பிடித்தவற்றை மட்டும் வைத்திருக்கும் உரிமையை ஏன் கைவிட வேண்டும்?

கணக்குப்பேரேடு (மார்க்கம்)

வடமராட்சியான் அவர்களே, ஆறையும் சம அளவில் வாங்கி, ஆண்டுக்கு ஒரு தடவையாவது அளவுகளைத் திருத்தி, விருப்பு வெறுப்பின்றி வைத்திருப்பவருக்கு உங்கள் வழி நல்ல வழிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "பிடித்தவற்றை மட்டும்" என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகின்றது.

ரி.டி. வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ஹொரைசன் வங்கியை வாங்கும் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2024 அக்டோபர் 10ஆம் திகதி, பணச்சலவையைத் தடுக்கத் தவறியது தொடர்பான குற்றங்களை அமெரிக்க நீதிமன்றத்தில் அந்த வங்கி ஒப்புக்கொண்டது. மூன்று பில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டதோடு, அதன் அமெரிக்கச் சில்லறை வங்கித் தொழில் 434 பில்லியன் டொலர் சொத்து அளவைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. தண்டத்தைவிட அந்த வரம்புதான் பங்குதாரரை உறுத்தியது, ஏனென்றால் ரி.டி.யின் வளர்ச்சி என்று எல்லோரும் நம்பியிருந்தது அமெரிக்கக் கிழக்குக் கரையைத்தான். அந்த ஆண்டு இறுதியில் பங்கு 80 டொலருக்குக் கீழே நின்றது. தனிப் பங்காக வைத்திருந்தவர்களில் பலர் அந்த நாட்களில் விற்றுவிட்டுப் போனார்கள். 2025இல் அதே பங்கு 100 டொலரைத் தாண்டி ஏறியது.

சம எடை நிதி அந்த நேரத்தில் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். ரி.டி. இறங்கியதால் அதன் எடை ஆறிலொன்றுக்குக் கீழே வந்துவிடும். அடுத்த சீரமைப்பில், ஏறியிருந்த மற்ற வங்கிகளில் கொஞ்சம் விற்று ரி.டி.யை வாங்கும். யாரும் செய்தி பார்த்து முடிவெடுக்கவில்லை, விதி அப்படி இருப்பதால் வாங்கியது. வரி விதிக்கப்படும் சாதாரணக் கணக்கில் நீங்கள் இதே காரியத்தைச் செய்தால், விற்ற ஒவ்வொன்றுக்கும் மூலதன இலாபத்தைக் கணக்கிட வேண்டியிருக்கும். 0.28 வீதத்தில் நாம் வாங்குவது இந்த ஒழுங்கைத்தான்.

பனித்துளி (மிசிசாகா)

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சார்பில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மாதச் செலவுக்குப் பணம் வேண்டியவருக்கு, விலை எவ்வளவு ஏறியது என்பதைவிட மாதம் எவ்வளவு வருகிறது என்பதே முக்கியம். பி.எம்.ஓ. நிறுவனத்தின் கவர்ட் கோல் வங்கி நிதியான (பங்குகளின் எதிர்கால விலையேற்றத்தில் ஒரு பகுதியை விற்றுப் பணம் பெறும் நிதி) ஸெட்.டபிள்யூ.பி. 2011ஆம் ஆண்டு முதல் இருக்கின்றது. அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டுச் சொத்து வரியும் ஹைட்ரோ எனப்படும் மின்கட்டணமும் போகின்றன. சாதாரண வங்கி நிதியைவிடக் கூடுதலாக வருகின்றது, ஒவ்வொரு மாதமும் வருகின்றது, பங்குகளை விற்றுப் பணம் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லோரும் கவர்ட் கோல் என்றவுடன் வேண்டாம் என்று சொல்வது நியாயமானதாக எனக்குப் படவில்லை.

தென்றல் (வாட்டர்லூ)

பனித்துளி அம்மா, உங்கள் தேவைக்கு அது பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்கு 43 வயது, அவர் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யப் போகிறார். அவருக்காகக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு வங்கிப் பங்கு 100 டாலரில் நிற்கிறது. நிதி மேலாளர் அதன் மீது ஒரு கோல் விற்கிறார்: குறிப்பிட்ட தேதி வரை, வாங்கியவர் விரும்பினால் அந்தப் பங்கை 104 டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். இதற்காக 1.20 டாலர் கையில் கிடைக்கிறது. பி.எம்.ஓ.வின் நிதி ஏறத்தாழ பாதிப் பங்குகளின் மீது மட்டும்தான் இப்படி விற்கிறது. இப்போது பங்கு 112 டாலருக்கு ஏறினால், கோல் விற்ற பாதியில் 4 டாலர் ஏற்றமும் 1.20 டாலரும் சேர்ந்து 5.20 கிடைக்கும், விற்காத பாதியில் 12 கிடைக்கும், சராசரி 8.60. சாதாரண நிதியில் இருந்தவருக்கு முழு 12 டாலர். மாறாக பங்கு 80 டாலருக்கு இறங்கினால், கோல் விற்ற பாதியில் இழப்பு 18.80, மற்றப் பாதியில் 20, சராசரி 19.40. அதாவது ஏற்றத்தில் 3.40 டாலரை விட்டுக்கொடுத்து, இறக்கத்தில் 60 காசு மட்டும் காப்பாற்றுகிறோம். பங்கு பெரிதாக அசையாமல் நிற்கும் காலத்தில் இந்த முறைக்கு இலாபம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2020ஆம் ஆண்டில் நடந்தது இதுதான். மார்ச் 23 வரை இரண்டு வகை நிதிகளும் ஏறக்குறைய சேர்ந்தே விழுந்தன. அதன் பிறகு வங்கிகள் மீண்டு எழுந்தபோது, கவர்ட் கோல் நிதி பின்தங்கியது. மேலும் அதன் எம்.ஈ.ஆர். 0.7 சதவீதத்தை ஒட்டியது, சம எடை நிதியினுடையதைப் போல இரண்டரை மடங்கு.

பனித்துளி (மிசிசாகா)

கணக்கு விளங்குகிறது, தென்றல். 43 வயதுக்காரருக்கு இது ஏற்றதல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு நிலையான மாத வருமானத்தின் பெறுமதி அந்தக் கணக்கில் வராது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்றல் (வாட்டர்லூ)

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. எந்த ஈ.டி.எஃப். என்பதை ஓரளவு பேசிவிட்டதால், யாரும் இதுவரை கேட்காத கேள்விக்கு வருகிறேன். 50,000 டாலர் முழுவதையும் வங்கிகளில் போடுவது சரியா?

ஆறு பங்குகளை ஒரே நிதிக்குள் வைத்தால் ஒரு வங்கியின் நிர்வாகக் குளறுபடியிலிருந்து தப்பலாம். ரி.டி. கதை அதற்கு உதாரணம். ஆனால் ஆறு வங்கிகளுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை எந்த ஈ.டி.எஃப். கட்டமைப்பாலும் பிரித்துப் பரப்ப முடியாது. அந்த ஆபத்து கனடியக் குடும்பங்களின் வீட்டுக் கடன். அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு ஒரே வட்டியில் கடன் எடுப்பது வழக்கம். இங்கே கடனைத் தீர்க்க 25 ஆண்டுகள் இருந்தாலும், வட்டி பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2020, 2021இல் 2 சதவீதத்தைச் சுற்றி வட்டி எடுத்தவர்கள் 2025, 2026இல் 4 சதவீதத்தைச் சுற்றிப் புதுப்பிக்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதமானபோது, மாறும் வட்டியில் மாதத் தவணையை மாற்றாமல் வைத்திருந்த சில வங்கிகளில், தவணை வட்டிக்கே போதாமல் அசல் கூடிய கடன்கள்கூட இருந்தன. சி.ஐ.பி.சி. போன்ற வங்கிக்கு உள்நாட்டு வீட்டுக் கடன்தான் தொழிலின் நடுப்பகுதி.

இப்போது நெய்தல் அவர்களின் நிலையைப் பாருங்கள். உங்கள் வீடு ஸ்கார்பரோவில். உங்கள் கடன் ஒரு கனடிய வங்கியில். உங்கள் சம்பளம் டொராண்டோப் பொருளாதாரத்திலிருந்து. வீட்டு விலை இறங்கி, வேலையின்மை கூடி, கடன் தவணைகள் தவறுகின்ற ஒரு காலம் வந்தால் இந்த மூன்றும் ஒன்றாக அடிபடும்; அதே மாதத்தில் உங்கள் வங்கி ஈ.டி.எஃப்.பும் அடிபடும். உங்களுக்குப் பணம் அதிகமாகத் தேவைப்படுகிற நாளில் அது குறைவாக இருக்கும். நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் மக்களிடையே வீடும் வங்கிப் பங்கும் சேர்ந்தால் போதும், அதுவே முழுப் பாதுகாப்பு என்ற எண்ணம் ஆழமாக இருப்பதுதான்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். டொராண்டோப் பங்குச் சந்தையான டி.எஸ்.எக்ஸ்.ஸின் கூட்டுக் குறியீட்டில் நிதித்துறை மூன்றிலொரு பங்கை ஒட்டியும், ஆறு வங்கிகள் மட்டும் ஐந்திலொரு பங்கை ஒட்டியும் இருக்கின்றன. உங்கள் அலுவலக ஓய்வூதியத் திட்டத்தில் கனடியப் பங்கு நிதி இருந்தால், நீங்கள் ஏற்கெனவே வங்கிகளின் பங்குதாரர்தான்.

வடமராட்சியான் (ஏஜக்ஸ்)

தென்றல் தம்பி, நீங்கள் சொல்கின்ற அந்தக் கெட்ட காலம் வந்துதான் போயிருக்கின்றது. 2008இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கிகள் சரிந்தபோது, கனடாவின் ஆறு வங்கிகளில் ஒன்றுகூடப் பங்கிலாபத்தைக் குறைக்கவில்லை. மொன்ரியால் வங்கி 1829 முதல் பங்கிலாபம் கொடுத்து வருகின்றது. ஸ்கோஷியா 1833 முதல். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டபோது இங்கே ஒன்றும் மூடப்படவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. 20 வீதத்துக்குக் குறைவாக முன்பணம் போடுபவர் கடனுக்குக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், ஆகவே அந்தக் கடன் தவறினாலும் நட்டம் வங்கிக்கு இல்லை. ஒட்டாவாவில் ஒஸ்ஃபி என்ற ஒரே கண்காணிப்பு அமைப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. போட்டியும் குறைவு, 1998இல் ரோயல் வங்கியும் மொன்ரியால் வங்கியும் இணையப் போனபோதும், ரி.டி.யும் சி.ஐ.பி.சி.யும் இணையப் போனபோதும், அன்றைய நிதியமைச்சர் போல் மார்ட்டின் மறுத்துவிட்டாலும், இருக்கின்ற ஆறு பேரிடமே நாட்டின் வங்கித் தொழிலில் பெரும்பகுதி இருக்கின்றது.

தென்றல் (வாட்டர்லூ)

அண்ணா, நீங்கள் சொன்ன வரலாறு உண்மை. பங்கிலாபம் குறையவில்லை என்பதும் பங்கு விலை இறங்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் அதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 2007இன் உச்சத்திலிருந்து 2009 தொடக்கம் வரை வங்கிப் பங்குகள் ஏறத்தாழ பாதி விலைக்கு வந்தன. மொன்ரியால் வங்கியின் பங்கிலாப வீதம் அப்போது 10 சதவீதத்தைத் தாண்டி நின்றது. பங்கிலாபம் ஏறியதால் அல்ல, விலை அவ்வளவு விழுந்ததால். அந்த நாளில் வேலை போய், வீட்டுத் தவணைக்காகப் பங்கை விற்க வேண்டியிருந்தவருக்கு 1829ஆம் ஆண்டு உதவியிருக்காது.

வங்கிகள் அப்போது தனியாகவும் நிற்கவில்லை. மத்திய அரசு வீட்டுக் கடன் கழகத்தின் வழியாக, காப்புறுதி செய்யப்பட்ட வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்க 125 பில்லியன் டாலர் வரை ஒதுக்கியது; ஏறத்தாழ 69 பில்லியனுக்கு வாங்கியது. 2020 மார்ச்சில் பங்கிலாபத்தைக் கூட்டக் கூடாது, பங்குகளைத் திரும்ப வாங்கக் கூடாது என்று ஒஸ்ஃபி உத்தரவிட்டது. 2021 நவம்பர் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தத் தடை இருந்தது. இவை வங்கி முறையைப் பாதுகாக்க எடுத்த சரியான நடவடிக்கைகள். ஆனால் கண்காணிப்பு அமைப்பு காப்பது வைப்பாளரை, பங்குதாரரை அல்ல.

வங்கித் தோல்வியே இங்கே நடந்ததில்லை என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. 1985இல் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் விலையும் நிலத்தின் விலையும் சரிந்தபோது, கனேடியன் கொமர்ஷல் வங்கி, நோர்த்லாந்து வங்கி என்று இரண்டு வங்கிகள் மூடப்பட்டன. இரண்டும் ஒரே மாகாணத்தின் பொருளாதாரத்தில் அதிகமாகத் தங்கியிருந்தவை. ஒஸ்ஃபி 1987இல் உருவானதற்குப் பின்னணியும் அதுதான்.

வடமராட்சியான் (ஏஜக்ஸ்)

1985 பற்றிய நினைவூட்டலுக்கு நன்றி. பணம் முழுவதையும் வங்கிகளில் போடுவதை நானும் பரிந்துரைக்கமாட்டேன். என்னுடைய வாதம் வங்கிப் பங்கு வைத்திருக்கத் தகுந்தது என்பது மட்டுமே, அதில் மாற்றமில்லை.

நெய்தல் (ஸ்கார்பரோ)

எல்லோருக்கும் நன்றி. தென்றல் சொன்ன பிறகு எங்கள் அலுவலக ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்த்தேன். கனடியப் பங்கு நிதியின் முதல் பத்துப் பங்குகளில் பெரும்பாலானவை வங்கிகளாகவே இருந்தன.

அம்மாவைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அவருக்கு 71 வயது. 2003இல் கனடாவுக்கு வந்தவர். முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ்.ஸும் அதனுடன் வருமானம் குறைந்த முதியோருக்கான ஜி.ஐ.எஸ். கொடுப்பனவும் பெறுகிறார். அவருடைய சேமிப்பில் 20,000 டொலரைச் சாதாரணக் கணக்கில் வங்கிப் பங்குகளில் போட்டால், பங்கிலாபத்துக்கு வரி மிகக் குறைவு என்று ஒருவர் சொன்னார். அது சரியா? வங்கி ஈ.ரி.எஃப்.புக்கு வைப்புக் காப்புறுதி உண்டா என்றும் அம்மா கேட்கிறார்.

கணக்குப்பேரேடு (மார்க்கம்)

இந்தக் கேள்வியைக் கேட்டது மிகவும் நல்லது, ஏனென்றால் எங்கள் பெரியவர்களுக்குப் பலரும் தவறான ஆலோசனை சொல்கின்ற இடம் இதுதான்.

கனடிய நிறுவனத்தின் தகுதியான பங்கிலாபம் 100 டொலர் கிடைத்தால், வரிப் படிவத்தில் அதை 38 வீதம் பெருப்பித்து 138 டொலர் என்று வருமானத்தில் காட்ட வேண்டும். அதன் பிறகு பங்கிலாப வரிக் கழிவு கிடைக்கும். நடுத்தரச் சம்பளக்காரருக்கு இது நன்மை: ஒன்ராறியோவில் நெய்தல் போன்றவர் பங்கிலாபத்துக்குக் கட்டும் வரி, அதே தொகை வட்டிக்குக் கட்டும் வரியில் மூன்றிலொன்றுக்கும் குறைவு. ஆனால் ஜி.ஐ.எஸ். கணக்கிடப்படுவது வரியை வைத்தல்ல, நிகர வருமானத்தை வைத்து. அங்கே போய் நிற்பது 138 டொலர். தனியாக இருக்கும் முதியவருக்கு நிகர வருமானத்தில் ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ 50 சதம் ஜி.ஐ.எஸ்.ஸில் குறைகின்றது. ஆகவே அம்மா கையில் வாங்குகின்ற 100 டொலர் பங்கிலாபம், அடுத்த ஆண்டு அவருடைய ஜி.ஐ.எஸ்.ஸிலிருந்து ஏறத்தாழ 69 டொலரைக் குறைத்துவிடும். சாதாரண ஜி.ஐ.சி. வட்டி 100 டொலர் வந்தால்கூட 50 டொலர்தான் குறையும். வரி குறைவு என்று சொன்னவர் வரியை மட்டும் பார்த்திருக்கிறார்.

அம்மாவின் பணம் ரி.எஃப்.எஸ்.ஏ. கணக்குக்குள்தான் இருக்க வேண்டும். அதற்குள் வருகின்ற பங்கிலாபமோ வட்டியோ வருமானத்தில் சேராது, எடுக்கும்போதும் சேராது, ஜி.ஐ.எஸ். குறையாது. 2009இலிருந்து இங்கே வசித்தவர் என்பதால், ஒரு தடவையும் போடாமல் இருந்தால் 2026 வரைக்கும் அவருக்கு 109,000 டொலர் இடம் உண்டு. நீங்கள் அவருக்கு அன்பளிப்பாகப் பணம் கொடுத்து அவர் தன்னுடைய கணக்கில் போடுவதற்கும் தடையில்லை. ஆனால் போடுவதற்கு முன் கனடிய வருமானத் திணைக்களத்தின் கணக்கில் மீதி இடத்தைப் பார்த்துவிடுங்கள். அளவுக்கு மேலே போட்ட தொகைக்கு மாதம் 1 வீதம் தண்டம்.

வைப்புக் காப்புறுதி இல்லை. வைப்புக் காப்புறுதிக் கழகமான சி.டி.ஐ.சி. காப்பது வைப்புகளையும் ஜி.ஐ.சி.யையும், ஒரு வகைக்கு 100,000 டொலர் வரை. வங்கிப் பங்கு, வங்கி ஈ.ரி.எஃப். எதற்கும் அது பொருந்தாது, பெயரில் வங்கி என்று இருந்தாலும் பொருந்தாது. சி.ஐ.பி.எஃப். என்ற வேறொரு பாதுகாப்பு, தரகு நிறுவனம் முறிந்துபோய் உங்கள் பங்குகள் காணாமல் போனால் ஒரு மில்லியன் டொலர் வரை ஈடு தரும். விலை இறங்கினால் எதுவும் தராது. 71 வயதில், இந்த 20,000 டொலரில் ஒரு பகுதியாவது இரண்டு, மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் என்றால், அந்தப் பகுதி ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் ஜி.ஐ.சி.யாகவே இருக்கட்டும்.

நெறியாளர்

தனிப்பட்ட கணக்கு விபரங்களையும் தரகு நிறுவனப் பரிந்துரைக் குறியீடுகளையும் இங்கே பதிய வேண்டாம். நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் அந்தக் காரணத்துக்காகவே நீக்கப்பட்டன.

நெய்தல் (ஸ்கார்பரோ)

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன், அவருடைய பணம் ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் ஜி.ஐ.சி.யாகவே இருக்கும்.

என்னுடைய 50,000 டொலரில் 35,000 டொலரை ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் உலகளாவிய பங்குக் குறியீட்டு ஈ.ரி.எஃப். ஒன்றில் போடலாம் என்று இருக்கிறேன். மிகுதி 15,000 டொலரைச் சாதாரணக் கணக்கில் சம எடை வங்கி நிதியில் போட்டால், பங்கிலாப வரிக் கழிவும் கிடைக்கும். இந்த ஒழுங்கு சரியா? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? வங்கிகளின் காலாண்டு முடிவுகள் பெப்ரவரி இறுதியில் வருகின்றனவாம், அதுவரை பொறுத்திருப்பதா?

வடமராட்சியான் (ஏஜக்ஸ்)

ஒழுங்கு எனக்குச் சரியாகப் படுகிறது. முடிவுகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வங்கிகளின் நிதியாண்டு அக்டோபர் 31இல் முடிவதால் முடிவுகள் டிசம்பர், பெப்ரவரி, மே, ஓகஸ்ட் மாதங்களில் வந்துகொண்டே இருக்கும். எப்போதும் அடுத்த ஒன்று அருகில்தான் இருக்கும். முடிவுகள் வரும்போது வாசிக்க விரும்பினால், இலாபத்துக்கு முன்பு வராக்கடனுக்கான ஒதுக்கீட்டை வாசியுங்கள். தென்றல் சொன்ன ஆபத்து முதலில் தெரியும் இடம் அதுதான்.

வாங்கும்போது சந்தை திறக்கின்ற 9.30 மணிக்கே கட்டளை போடாதீர்கள். முதல் சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் ஆறு பங்குகளின் விலையும் இன்னும் நிலைப்படாததால், ஈ.ரி.எஃப்.பின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி கூடுதலாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு, சந்தை விலைக் கட்டளையாக இல்லாமல், இந்த விலைக்கு மேலே வாங்க வேண்டாம் என்று விலை வரம்பு குறித்த கட்டளையாகப் போடுங்கள். தினசரி வியாபார அளவு குறைந்த நிதி என்றாலும் பயப்படத் தேவையில்லை. உள்ளே இருப்பவை நாட்டிலேயே அதிகம் கைமாறும் பங்குகள் என்பதால், எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் சந்தை ஏற்பாட்டாளர் விலையை உள்ளடக்கத்தின் பெறுமதிக்குக் கிட்டவே வைத்திருப்பார். 2024 மே மாதத்திலிருந்து கணக்குத் தீர்ப்பது, அதாவது பணமும் பங்கும் கைமாறுவது, அடுத்த வேலை நாளிலேயே முடிகின்றது.

கணக்குப்பேரேடு (மார்க்கம்)

ஒழுங்கு நல்லது. சாதாரணக் கணக்கில் ஈ.ரி.எஃப். வைத்திருப்பதால் இரண்டு வேலைகள் கூடும், அவற்றை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனிப் பங்குக்கு வருகின்ற ரி5 படிவம் பெப்ரவரி இறுதிக்குள் கிடைக்கும். ஈ.ரி.எஃப். ஒரு நம்பிக்கை நிதியம் என்பதால் ரி3 படிவம் வரும், அது மார்ச் இறுதி வரை தாமதிக்கும். படிவத்தில் 49ஆம் பெட்டியில் உண்மையாகக் கிடைத்த பங்கிலாபமும், 50ஆம் பெட்டியில் பெருப்பித்த தொகையும் இருக்கும். 42ஆம் பெட்டியில் ஒரு தொகை இருந்தால், அது உங்கள் முதலிலேயே ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது என்று பொருள். அந்த ஆண்டு வரி இல்லை, ஆனால் வாங்கிய விலையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். ஓர் அலகை 20 டொலருக்கு வாங்கி 42ஆம் பெட்டியில் அலகுக்கு 40 சதம் வந்தால், வரிக்கான உங்கள் கொள்விலை 19.60 டொலர். கவர்ட் கோல் நிதிகளில் இந்தப் பெட்டி அடிக்கடி நிரம்பியிருக்கும், சம எடை நிதியில் சிறிதாகவே இருக்கும். மறுபக்கத்தில், ஆண்டு இறுதியில் நிதி தன் மூலதன இலாபத்தைக் காசாகத் தராமல் உள்ளேயே மீள்முதலீடு செய்தால், அதற்கு அந்த ஆண்டு வரி கட்டுவீர்கள், கொள்விலையும் அந்த அளவு கூடும். கூட்டி எழுதாமல் விட்டால், விற்கும்போது அதே இலாபத்துக்கு இரண்டாம் தடவை வரி கட்ட நேரும். தரகு நிறுவனத்தின் திரையில் தெரிகின்ற கொள்விலை இந்த இரண்டையும் எப்போதும் சரியாகக் காட்டும் என்று நம்ப வேண்டாம், ஒரு தாளில் நீங்களே எழுதி வையுங்கள்.

பெப்ரவரியில் வரித் தாக்கல் செய்யும் பழக்கம் இருந்தால் அதை ஏப்ரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கின்றது.